தேய்ந்த பக்கம்

இந்தக் காலத்தில் எவனுக்கும் குறி தவறுவதே கிடையாது. வெயில் கண்ணில் அடித்துவிடும், காற்று திருப்பிவிடும், நாய் குறுக்கே ஓடிவிடும், மருந்து நமத்துப்போயிருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் துப்பாக்கியே கோணலாகிவிடும். சுட்டவன் மட்டும் உத்தமன். தவறிவிட்டது என்று சொல்ல நாக்கு எழாதவன் எதற்குக் காட்டுக்குப் போகிறான்? அடுப்படியில் உட்கார்ந்து அவரை உரிக்க வேண்டியதுதானே?

லியாண்டர் கிராப்ட்ரீ நாலு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பன்றிப்பட்டியிடம் சொன்னார், அடுப்பிடம் சொன்னார், நாய் கட்டியிருந்த வெறும் சங்கிலியிடமும் சொன்னார். சொல்ல வேண்டிய ஆளான மருமகன் ஹோபர்ட் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு விறகு பிளந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்கு அதுதான் வேலை. குளிர்காலம் முழுதுக்கும் வேண்டியதைப் பிளந்து அடுக்கிவிட்டு, இப்போது அடுத்த குளிர்காலத்துக்கும் பிளந்துகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். கொழுக்கட்டும் என்று கஷ்கொட்டைக் காட்டில் மேயவிட்ட பன்றிகளில் இரண்டைக் கரடி அடித்துவிட்டது. இரண்டு பன்றி என்றால் மார்ச் மாதம் வரைக்குமான உப்புக்கறி. ஓடைக்கரை ஊர்க்காரர்கள் அஞ்சு பேர் நாய்களோடு கிளம்பினார்கள். லியாண்டருக்கு முட்டி வீங்கிக் கிடந்தது, மலைக்கணவாய் வரை ஏற முடியாது. வேறு வழியில்லாமல் தன் துப்பாக்கியை ஹோபர்ட் கையில் கொடுத்தார். குழல் வாயில் மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. அவருடைய அப்பா வைத்திருந்தது. அப்பா போனபிறகு நாற்பத்தொரு வருஷம் இன்னொருத்தன் தோளில் அது ஏறியதில்லை.

நாய்கள் கரடியைப் பாறையோடு ஒட்டி மடக்கின. ஹோபர்ட் இருபத்தஞ்சு எட்டுத் தூரத்தில் நின்றான். சின்னக் குண்டுத் துப்பாக்கி, காதடியில் சுட்டால்தான் கரடி விழும். அவனும் காதடிக்குத்தான் குறிவைத்தேன் என்றான். குண்டு போய்த் தாடையைப் பெயர்த்தது. வலி கண்ட கரடி ஒரே அறையில் லியாண்டரின் நாய் ராட்லரின் முதுகெலும்பை ஒடித்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டப் புதருக்குள் போய்விட்டது. ராட்லரைக் கோட்டில் சுருட்டித் தூக்கிவந்தார்கள். வரிப்புலி நிறம், ஆறு வயசு. அது லியாண்டரைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்தது, வால் அசையவில்லை. அதே துப்பாக்கியில் மருந்து கெட்டித்து அவரே முடித்துவைத்தார்.

வேட்டையில் குறி தவறியவனின் சட்டைப் பின்தொங்கலை அறுத்து மாவுமில் சுவரில் அடிப்பது அந்த ஓடைக்கரையில் வழக்கம். எல்லாரும் சிரிப்பார்கள், அறுபட்டவனும் சிரிப்பான், அடுத்த வேட்டையில் ஒன்றை வீழ்த்திவிட்டு அவனே பிடுங்கிக்கொள்வான். லியாண்டர் சிரிக்கவில்லை. ராட்லரின் ரத்தம் காயாத கையால் ஹோபர்ட்டின் சட்டையை இடுப்புவரை கிழித்து, மூணு ஆணி அடித்தார். ஒரு ஆணிதான் வழக்கம். அடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "கரடியப் பாத்துக் கண்ண மூடிக்கிட்டவன் சட்டை இது. நல்லாப் பாத்துக்கங்க."

அதுதான் வினை. தவறியவனோடு வேட்டைக்குப் போகலாம். பயந்தவனோடு எவனும் போகமாட்டான்.

சனிக்கிழமை காலை மகள் ஒர்லீனா மக்காச்சோள ரொட்டியைத் தட்டில் போட்டாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்று சொல்லலாம்.

"மோர் எங்க?"

"மாட்டுகிட்ட இருக்கு. போய்க் கேளுங்க."

"ஏண்டி, யார்கிட்டப் பேசுற?"

"எங்க அப்பாகிட்டதான் பேசுறேன். அடுத்த வாரம் யார்கிட்டப் பேசுவேனோ தெரியாது." அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நேத்து அடிபட்ட கரடியத் தேடிக் கிளம்புனாங்களே, இவரும் போனாரு. என்ன சொன்னாங்க தெரியுமா? நீ நாயப் பிடிச்சுக்க, போதும்னாங்க. மரம் அறுக்குற முகாம்ல எட்டு வருசம் கோடாலி பிடிச்ச மனுசன். நாயப் பிடிச்சுக்கவாம்!"

"சரியாத்தான் சொல்லிருக்காங்க."

"அந்தத் துணிய நீங்களே போய்ப் பிடுங்கணும். ஊர் பாக்கப் பிடுங்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை நாங்க கீழ்நாட்டுப் பஞ்சாலைக்குப் போறோம். அங்க ஆள் எடுக்குறான். எனக்கும் வேலை இருக்காம்."

"பஞ்சாலைக்கா? சன்னல் திறக்காத கொட்டகையில நின்னு பஞ்சுத் தூசியத் தின்னப் போறியா?"

"இங்க எதத் திங்குறேன்?"

லியாண்டர் ரொட்டியைப் பிட்டார். வெறும் ரொட்டி தொண்டையில் நின்றது. கேட்டிருந்தால் சோளப்பாகாவது கொடுத்திருப்பாள். கேட்கவில்லை.

"அவன் என்ன சொல்றான்?" என்றார்.

"துப்பாக்கி இடப்பக்கம் வாங்குதுங்குறாரு. குண்டு தள்ளிப் போய் விழுதாம்."

லியாண்டர் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. "இடப்பக்கம் வாங்குதா! போன மாசம் ஹிக்கரி மர உச்சியில அணில் தலைய எது எடுத்துச்சு? நான் சுட்டா வாங்கலயே! அவன் பிடிச்சா மட்டும் வாங்குதோ? குறி பாக்கக் குழல் நுனியில எங்க அப்பா அடிச்ச முள்ளு, குறிமுள்ளு அது. இன்னிக்கு வரைக்கும் ஒரு சுத்தியல் பட்டதில்ல அதுமேல!"

"அப்ப துப்பாக்கி பழுது பாக்குற டோலிவர்கிட்டக் காட்டுங்க. இன்னிக்கு மில்லுலதான் இருப்பாரு."

"காட்டுறேன்டி. ஊர் பாக்கக் காட்டுறேன். வாயி இருக்குறவன் எல்லாம் அங்க வரட்டும்."

முற்றத்தில் கோடாலிச் சத்தம் நின்றது. ஹோபர்ட் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வண்டியில் மக்காச்சோள மூட்டையை ஏற்றினான்.

லியாண்டர் வண்டியில் ஏறாமல் நடந்தார். முட்டி நொந்தது, நோகட்டும் என்று நடந்தார். நவம்பர் மாசத்து வானம் ஈயத்தகடு மாதிரி கிடந்தது. பாதி கஷ்கொட்டை மரங்கள் நோய் விழுந்து பட்டை உரிந்து வெள்ளையாக நின்றன. அதற்கும் இவன்கள் ஏதாவது சாக்கு வைத்திருப்பார்கள்.

மில்லுக்கு மேலே ஓடைக்கரையில் நின்று துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டார். கூட்டத்தில் கை நடுங்கியது என்று எவனும் சொல்லக்கூடாது. கோலை உருவி எப்போதும்போல ஈர மணலில் போட்டார். துப்பாக்கிக் கட்டையை இடது பாதத்தில் நிறுத்தி, கொம்புக் குவளையில் அளந்து மருந்தைக் கொட்டினார். எண்ணெய்த்துணியைக் குழல் வாயில் விரித்துக் குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குனிந்து கோலை எடுத்துக் குழலுக்குள் விட்டார். வலது கையால் அவர் தள்ளும்போது கோல் கொஞ்சம் வளைந்து குழல் வாயின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டு கரகரவென்று இறங்கியது. அந்தக் கரகரப்பு அவருக்குப் பிடிக்கும். அப்பா கெட்டிக்கும்போதும் அந்தச் சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மில்லில் இருபது பேர் இருந்தார்கள். சனிக்கிழமை என்றால் மாவு அரைக்கிற கூட்டத்தைவிட வாய் அரைக்கிற கூட்டம் அதிகம். சுவரில் நீலக் கட்டம்போட்ட துணி மூணு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே டோலிவர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். தேய்ந்த குழலுக்குள்ளே, குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகிற வரிகளைப் புதிதாகக் கீறுகிற வேலை அவருக்கு. லியாண்டர் வயசுதான். மூக்குக்கண்ணாடி பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருக்கும், ஆனால் அவர் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால்தான் பார்ப்பார்.

"என்ன லியாண்டர், என்னையும் சுடப்போறியா?"

"உன்மேல மருந்த வீணாக்குவேனா? இந்தா. இதுல என்ன குறைன்னு இந்த ஊருக்குச் சொல்லு. கெட்டிச்சிருக்கு, பாத்துப் பிடி."

"அப்ப மொதல்ல அதக் காலி பண்ணு. உசுரோட எழுந்து போகணும் நான்."

லியாண்டர் ஓடையைப் பார்த்துச் சுட்டார். டோலிவர் துப்பாக்கியை வாங்கி மடியில் கிடத்தி, குழலைத் துடைத்து, சுண்டுவிரல் நுனியைக் குழல் வாயில் விட்டு மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் நின்றது.

"கோல எங்க வைப்ப நீ, கெட்டிக்கும்போது?"

"எங்க வைப்பேன்? தரையிலதான். உன் தலையிலயா?"

"தரையில." டோலிவர் தலையை ஆட்டினார். "துடைக்காம எடுத்து உள்ள விடுவ."

"வேட்டைக்கு வந்தவன் கைக்குட்டையா கொண்டு வருவான்?"

கூட்டம் சிரித்தது. டோலிவர் சிரிக்கவில்லை. மெத்தென்ற ஈயக்கட்டி ஒன்றைக் குழல் வாயில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, முனையில் திருகுள்ள கோலால் வெளியே இழுத்தார். அதை லியாண்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

"தடவிப் பாரு. உள்ள ஏழு வரி இருக்கணும். எண்ணு."

லியாண்டர் கட்டைவிரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூணு, நாலு. கத்தி விளிம்பு மாதிரி ஈயத்தில் பதிந்திருந்தன. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வழுவழுவென்று, ஆற்றுக்கல் மாதிரி.

"வலப்பக்கம் தேஞ்சுபோச்சு. மண்ணு ஒட்டின கோல நாப்பது வருசமா ஒரே பக்கமா வளைச்சுத் தள்ளிருக்க. குண்டு வாயத் தாண்டும்போது தேஞ்ச பக்கமா முதல்ல புகை பீறிடும். குண்ட மறுபக்கம் தள்ளிவிட்டுரும். இடப்பக்கம்."

"எவன் சொன்னது?"

"உன் கையில இருக்குற ஈயம்."

லியாண்டர் அதைத் தூக்கி மில் வாய்க்காலில் எறிந்தார். "ஈயத்த நீ எப்படி வேணா அடிப்ப. கூலி வாங்குறவன் குறை சொல்லாம என்ன செய்வான்? செவ்வாக்கிழம இதே துப்பாக்கியாலதான் என் நாய முடிச்சேன். தவறிச்சா?"

"காதுல குழல் வாய வச்சுச் சுட்டா எது தவறும்?"

ஒர்லீனா வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தாள். ஹோபர்ட் அவள் பின்னால், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"சரி, சுட்டே பாத்துருவோம்," என்றான் மில்லுக்காரன் அர்வில். அவனுக்கு வியாபாரத்தைவிட வேடிக்கை முக்கியம். அறுபது எட்டுத் தூரத்தில் வேலிக்கம்பத்தில் ஒரு பலகையைச் சாத்தி, நடுவில் கரித்துண்டால் காசளவு பொட்டு வைத்தான்.

டோலிவர் துப்பாக்கியைக் கீழே கிடந்த அடிமரத்தின் பிளவில் படுக்கவைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குறிமுள்ளைப் பொட்டுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து இறுக்கினார். சுட்டார். பொட்டுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி ஓட்டை விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். மூணாவது இரண்டுக்கும் நடுவில்.

"பாத்தீங்களா பெரியவரே?" என்றான் அர்வில்.

"அவனுக்குக் கண்ணு மாறுகண்ணு. கொண்டா இங்க!"

லியாண்டர் துப்பாக்கியைப் பிடுங்கினார். கோலைத் தரையில் எறிந்தார், வேண்டுமென்றே. கெட்டித்தார். ஆப்பும் வேண்டாம் மரமும் வேண்டாம் என்று நின்றபடி தோளில் ஏற்றினார். முட்டி வலி, பசி, ராட்லரின் அசையாத வால் எல்லாம் எங்கோ போய்விட்டன. விசை விழுந்தது. புகை கலைந்தபோது கரிப்பொட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓட்டை.

கூட்டம் ஓவென்று கத்தியது. தொப்பிகள் மேலே போயின. லியாண்டர் மருமகன் பக்கம் திரும்பினார்.

"எங்கடா வாங்குது? சொல்லு. இடப்பக்கமா? எழுவது வயசுக் கிழவன் நொண்டிக் காலோட நின்னு அடிச்சிருக்கேன். நீ என்னடா பண்ண? என் நாயக் கொன்ன! என் கறிய ஓடவிட்ட!"

ஹோபர்ட் முகம் வெள்ளையாகிவிட்டது. "மாமா, நான் கண்ண மூடல," என்றான். நாலு நாளில் அவன் மாமனாரிடம் பேசியது அவ்வளவுதான்.

"லியாண்டர்," என்றார் டோலிவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இன்னொரு தடவ பிடி. இப்ப சுடுறமாதிரியே பிடி, ஆனா சுடாத. மருந்தும் வேண்டாம். மரத்துமேல வச்சுக் குறி பாரு. பாத்த இடத்துலயே ஆப்ப அடிச்சிட்டு நகந்துக்க."

"எதுக்கு?"

"ஜெயிச்ச ஆளுதானே? பயம் என்ன?"

பயம் என்ற வார்த்தை போதும். அர்வில் புதுப்பொட்டு வைத்தான். லியாண்டர் அடிமரத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, துப்பாக்கிக் கட்டையைக் கன்னத்தில் ஒட்டி, மூச்சை அடக்கிக் குறி பார்த்தார். இதைவிடச் சரியாக ஒரு மனுஷன் பார்க்க முடியாது. தன் கையாலேயே ஆப்பை அடித்தார், தன் கையாலேயே ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. எழுந்து நகர்ந்தார்.

டோலிவர் குனிந்து பார்த்தார். அர்விலைக் கூப்பிட்டார். அர்வில் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஒவ்வொருத்தராகக் குனிந்தார்கள். கத்தியவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் எழுந்தார்கள். குறிமுள் பொட்டைப் பார்க்கவில்லை. பொட்டுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, பலகை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் போச்சு, உன் கையி கொஞ்சம் கொஞ்சமா வலப்பக்கம் போச்சு," என்றார் டோலிவர். "வருசத்துக்கு ஒரு மயிரிழை. உனக்கே தெரியாது. உன் கைக்கு அது நேரா சுடும். வேற எவன் நேராப் பிடிச்சாலும் தவறும். உன் மருமகப்பய நேராத்தான் பிடிச்சிருக்கான்."

ஒர்லீனா கடைசியாகக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் நனைந்திருந்தது, ஆனால் அது அழுகை இல்லை. "அப்பா, வந்து பாருங்க."

லியாண்டர் குனிந்தார். பார்த்தார். பொட்டு எங்கே இருந்தது, முள் எங்கே நின்றது என்று அவரும் கண்டார்; கண்டதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து, "இருபது பேரு தொட்டு ஆட்டிட்டீங்க. இனி எங்க வேணா பாக்கும்," என்றார்.

"யாரும் தொடல பெரியவரே," என்றான் அர்வில்.

"குழல ரெண்டு அங்குலம் அறுத்துட்டுப் புது வாய் எடுத்துத் தர்றேன்," என்றார் டோலிவர். "எல்லாருக்கும் நேரா சுடும். நீ மட்டும் கொஞ்சநாள் தவறுவ."

"எங்க அப்பா குழல்ல அரத்த வச்ச, உன் கைய அறுத்துருவேன்."

"அந்தத் துணியப் பிடுங்குங்கப்பா," என்றாள் ஒர்லீனா. மெதுவாகத்தான் சொன்னாள். "வேற ஒண்ணும் வேண்டாம். மன்னிப்புக்கூட வேண்டாம். ஆணியப் பிடுங்குங்க. வீட்டுக்குப் போயிடலாம். மோர் வச்சிருக்கேன்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஹோபர்ட்டும் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் லியாண்டருக்கு எளிதாக இருந்திருக்கும். அது இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆறு எட்டு வைத்தால் சுவர். ஆணி மூணு.

லியாண்டர் ஆப்பைக் காலால் எத்தித் தள்ளித் துப்பாக்கியை உருவினார். "தவறினவன் துணி தொங்கத்தான் செய்யும்," என்றார்.

மாவு மூட்டைக் கயிறு வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் மில் வாசலில் மாட்டியிருந்தது. ஒர்லீனா அதை எடுத்ததை அவர் பார்க்கவில்லை. கோலை எடுக்கக் குனிந்திருந்தார். சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது, ஜில்லென்ற இரும்பு இடுப்பில் பட்டது, கரக் கரக் என்று மூணு வெட்டு. அவர் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு சட்டையும் அவள் தைத்ததுதான். ஒரே நீலக்கட்டத் துணியில் அப்பாவுக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று. வெட்டிய துண்டை மூணு ஆணித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அர்வில் ஒரு ஆணியை நீட்டினான். டோலிவரின் மரச்சுத்தியலால் ஒரே அடி.

"வழக்கம் ஒண்ணுதான்," என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "மாவு அரைச்சது போதும், வண்டியப் பூட்டுங்க. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே மூட்டை கட்டுவோம்," என்றாள்.

ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனை அடித்திருக்கலாம். லியாண்டர் டோலிவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கரிப்பொட்டு இருந்த இடத்தில் தான் போட்ட ஓட்டையைப் பார்த்தார்.

"நடுவுல விழுந்தது யார் குண்டு?" என்று கேட்டார். "அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடைப்பாதையில் ஏறினார். சட்டைக்குப் பின்னால் வெற்றிடுப்பில் காற்று ஊசியாகக் குத்தியது. கையை வைத்து மறைக்கவில்லை. பின்னால் வண்டி பூட்டுகிற சத்தம், கழுதையின் கழுத்துமணி. அதற்கும் திரும்பவில்லை. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. இருந்தால் நடுவில் எப்படி விழும்? இந்தக் காலத்துக்காரன்களுக்கு நேராகப் பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே போனார்.